அத்தானுக்குப் பிடித்த மக்ரோனி

போன வாரம் ஒரு நாள் பகல். கடலோரத்தில் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலின் பின்வாசலில், கையில் பித்தளைத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தேன்.

எதற்கா? மக்ரோனி வாங்க. இத்தாலிக்காரர்கள் சாப்பிடுவார்களே… அது.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாதவன். டிராமில் ஏறினால் தடம் புரளுமோ என்றும், ரிக்‌ஷாவில் ஏறினால் குடை சாயுமோ என்றும் கவலைப்பட்டு, பாதி ஊரை நடந்தே கடக்கிறவன். எனக்கு எதற்கு இத்தாலிச் சாப்பாடு?

எனக்கு இல்லை. என் அத்தானுக்கு.

அத்தான் இறந்துபோய்விட்டார்.

அக்கா செல்லம்மாவின் புருஷன். துறைமுகத்தில் கிராணி. கப்பலில் இருந்து சரக்கு இறங்கும்போது பக்கத்திலேயே நின்று சரிபார்த்துக் கணக்கு வைக்கிற வேலை. வெயில், மழை எதற்கும் அசையாத மனிதர். காய்ச்சல் என்று படுத்தார். அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு என்னென்ன செய்வது என்று பேச எல்லோரும் அக்கா வீட்டில் கூடியிருந்தோம். வீடு சிராங்கூன் ரோட்டில், மாட்டுக்கொட்டகைகளைத் தாண்டிப் போகும் சந்தில் இருக்கிறது. போனவருக்கு உயிரோடு இருந்தபோது எது எது பிடிக்குமோ, அதை எல்லாம் இலையில் வைத்துப் படைப்பதுதானே நம் வழக்கம்? பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உளுந்து வடை. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. பர்மாச் சுருட்டு.

மூலையில் சுருண்டு கிடந்த அக்கா தலையைத் தூக்கினாள்.

"மக்ரோனி வைக்கணும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மக்ரோனிக் கதை எனக்கு மட்டும்தான் தெரியும்.

இத்தாலி ஸ்டீமர் ஒன்று இந்தத் துறைமுகத்துக்கு வந்து போகும். அதில் அத்தான் கணக்கெடுக்கப் போனால், கப்பல் சமையல்காரன் ஒரு தட்டு நிறைய மக்ரோனி கொடுப்பானாம். அன்று சாயங்காலம் வீட்டில் கச்சேரிதான். "செல்லம், குழல் குழலா இருக்கும். உள்ளுக்குள்ள எல்லாம் தக்காளிச் சாறு ஏறியிருக்கும். மேல சீஸைத் துருவிப் போடுவான். அப்படியே உருகும்… அதுல ஒரு வாசம் வரும் பாரு!" கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அக்கா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு தடவை தன் சாப்பாட்டுத் தூக்கிலேயே கொண்டு வந்துவிட்டார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஒரு வாய், செல்லம். ஒரே ஒரு வாய்."

"மாட்டைச் சமைக்கிற சட்டியில செஞ்சதை எங்கிட்ட நீட்டுறீங்களே! கிணத்தடியில வச்சுத் தின்னுட்டு, தூக்கைச் சாம்பல் போட்டு விளக்கிட்டு உள்ள வாங்க."

முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள். அத்தான் சண்டை போடவில்லை. கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து, தனியாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "உனக்குக் குடுத்து வைக்கலை" என்று சிரித்தார்.

அந்த அக்காதான் இப்போது கேட்கிறாள்.

"செல்லம்மா, அதெல்லாம் நம்ம படையல்ல வைக்கிறதாம்மா?" என்று ஒரு பெரியம்மா இழுத்தாள்.

"அவருக்குப் பிடிச்சதுதானே வைக்கச் சொல்றீங்க? சுருட்டு எனக்கா பிடிக்கும்? அதை வைக்கலாம், இதை வைக்கக் கூடாதா? அது இல்லாம அவர் இலையில உக்கார மாட்டார். பசியோடவே போயிருவார்."

பக்கத்து வீட்டு முனியாண்டி வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். ஆடு வளர்த்துப் பால் விற்கிறவர். நல்ல மனிதர். ஆனால் எங்கே வாயைத் திறக்கக் கூடாதோ அங்கே சரியாகத் திறப்பார்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? சீனன் கடையில மீ சேமியா வாங்கித் தக்காளியைக் கொட்டிக் கிண்டினா முடிஞ்சது லா! அவருக்குத் தெரியவா போகுது?"

"தெரியும்," என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, "உங்க ஆட்டுக்குக்கூட தெரிஞ்சிருக்கு" என்றாள்.

முனியாண்டிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வீட்டுக் கொல்லையில் திருநீற்றுப்பச்சை வளர்க்கிறாள். துளசிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும், வாசனை ஊரைத் தூக்கும் — அந்தச் செடிதான். வெள்ளிக்கிழமை தோறும் அந்த இலையையும் பூவையும் சேர்த்துக் கதம்பம் கட்டி அம்மன் கோயிலுக்குக் கொடுப்பாள். அது அவளுடைய வேண்டுதல். சில நாள் காலையில் பார்த்தால் செடி மொட்டையாக நிற்கும். கொழுந்து அத்தனையும் போயிருக்கும். முனியாண்டியின் ஆடு தின்றுவிட்டது என்று அக்கா சந்துக்கே கேட்கும்படி கத்துவாள். "அம்மனுக்கு வச்ச இலையைத் தின்ன ஆடு உருப்படுமா?" என்பாள். அத்தானும் பின்னாலேயே வந்து, "முனியாண்டி, ஆட்டைக் கட்டி வையுங்க. பாவம், இவ எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்க்குறா" என்பார். முனியாண்டி கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்துச் சத்தியம் செய்வார். யார் நம்பினார்கள்?

அத்தான் போனதில் இருந்து அந்தச் செடியில் யாரும் கை வைக்கவில்லை. தீட்டு வீட்டில் ஏது கதம்பம்? புதர் மாதிரித் தழைத்து நிற்கிறது.

"பாருடா தம்பி," என்றாள் அக்கா, கொல்லையைப் பார்த்தபடி. "ஆடுகூட இந்தப் பக்கம் வரலை. அதுகூட துக்கம் காக்குது."

அத்தானின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலில் அந்தப் பெரிய ஹோட்டல். முன்வாசலில் நின்ற சீக்கியக் காவலாளி என் வேட்டியைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், பின்பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஹைனான் சீனச் சமையல்காரர் ஒருவர் கோழி உரித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன். "மக்ரோனி! மக்ரோனி!" என்று சந்தோஷமாகத் தலையாட்டித் தூக்கை நிரப்பிக் கொடுத்தார். வெற்றியோடு வீடு வந்தேன். அக்கா மூடியைத் திறந்தாள். பால், முட்டை, சர்க்கரை. நடுவில் குழல்கள் மிதந்தன.

"இது பாயசம்டா," என்றாள்.

வெள்ளைக்கார துரைகளுக்கு மக்ரோனி என்றால் அப்படித்தானாம்.

அடுத்தது தஞ்சோங் பகார் பக்கம் மாலுமிகள் குடிக்கும் ஒரு கடை. வாசல் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. உள்ளே போகலாமா, கூடாதா? போனால் அடிப்பார்களா? அடித்தால் தூக்கு நசுங்குமா? வாசலிலேயே நின்று வேர்த்து வழிந்தேன். கடைக்காரர் வெளியே வந்தார். மலாயில் கேட்டேன். அவர் சிரித்தார். இங்கே எந்தத் தேசத்துக் கப்பல் வந்தாலும் ஒரே சட்டி, ஒரே குழம்பு, பேர் மட்டும்தான் வேறு வேறு என்றார். நேர்மையான மனிதர். குனிந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இவ்வளவு பெரிய ஊர். எந்தச் சாப்பாடு இல்லை இங்கே? அடுத்த சந்துக்குப் போனால் அடுத்த தேசத்துச் சோறு. ஆனால் செத்துப்போன ஒரு மனிதர் கேட்கும் ஒரு தட்டு மட்டும் கிடைக்கவில்லை!

கடைசியில் தெலுக் ஆயரில் காசிம் மரைக்காயர் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். கப்பல்களுக்குக் கோழி, காய்கறி, முட்டை எல்லாம் சப்ளை செய்கிறவர். நாகூர்க்காரர். அத்தானுக்கு நல்ல பழக்கம்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"என்னா தம்பி நீங்க? இதை முதல்லயே எங்கிட்ட வந்து சொல்றதில்லையா? அந்த இத்தாலிக் கப்பல் முந்தாநாள்தான் வந்து நங்கூரம் போட்டிருக்கு. நாளைக்கு முட்டை கொண்டு போறேன். நீங்களும் வாங்க."

"கடல்லயா?"

"கப்பல் பின்ன எங்க நிக்கும்? சிராங்கூன் ரோட்டுலயா?"

மறுநாள் சம்பான் படகில் உட்கார்ந்து நான் வேண்டாத தெய்வம் இல்லை. மரைக்காயர் முட்டைக் கூடைகளைப் பிடித்துக்கொண்டார். நான் மரைக்காயரைப் பிடித்துக்கொண்டேன். கப்பலின் பக்கவாட்டில் ஏணி ஒன்று தொங்கியது. அதில் எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் எனக்கே தெரியாது.

சமையல்காரன் நரைத்த மீசைக்காரன். கழுத்தில் ஈரத்துண்டு. இந்தப் பக்கத்துத் துறைமுகங்களில் சுற்றிச் சுற்றிச் சந்தை மலாய் கொஞ்சம் பேசுவான். என்னை அவன் பார்க்கவே இல்லை. என் கையில் இருந்த தூக்கைத்தான் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கிராணி மானா?" என்றான். கிராணி எங்கே என்று.

என் பின்னால் எட்டிப் பார்த்தான். ஏணிப் பக்கம் போய்க் கீழே குனிந்தும் பார்த்தான்.

மரைக்காயர் மலாயில் இரண்டே வார்த்தை சொன்னார்.

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே போய் ஒரு சின்னச் சட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்து ஏதேதோ சொன்னான். மரைக்காயர் எனக்குச் சொன்னார்:

"இது கிராணியோட சட்டியாம் தம்பி. மாட்டுக் கறி படாம இதைத் தனியா வச்சிருப்பானாம். வீட்டுல சம்சாரம் கோவிச்சுக்கும்னு கிராணி சொல்லியிருக்காரு."

அந்தச் சட்டியின் விளிம்பை நான் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

மரைக்காயர் தன் பங்குக்குப் பன்றிக் கொழுப்பு எதுவும் சேராது அல்லவா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். "படையல்ல எனக்கும் ஒரு வாய் தருவீங்கள்ல?" என்றார்.

பதினாறாம் நாள் காலையில் வந்தால் சமைத்துத் தருவதாகச் சமையல்காரன் சொன்னான். அன்று மத்தியானம் கப்பல் கிளம்புகிறதாம். அதற்குள் வர வேண்டும். அப்புறம் கையை நீட்டினான்.

"டாவுன்?"

"இலை கேக்குறான்," என்றார் மரைக்காயர்.

"என்ன இலை? வாழை இலையா?"

சமையல்காரன் அலமாரியில் இருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தான். உள்ளே எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன இலைகள். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

வாசகர்களே, நடுக்கடலில், இத்தாலிக் கப்பலின் அடுப்படியில், எனக்கு அக்கா வீட்டுக் கொல்லை வாசனை அடித்தது!

திருநீற்றுப்பச்சை.

மரைக்காயர் கேட்டுக் கேட்டுச் சொன்னார். இந்த இலை இல்லாமல் அவர்கள் ஊரில் அந்தச் சமையலே கிடையாதாம். கப்பலில் பச்சை இலைக்கு எங்கே போவது? ஒரு நாள் ஜாடியில் இதைப் பார்த்த கிராணி, "எங்கள் வீட்டில் இருக்கிறது" என்றாராம். அதில் இருந்து, கப்பல் வரும்போதெல்லாம் காலையில் தூக்கு நிறைய இலையோடு வருவாராம். சாயங்காலம் ஒரு தட்டு நிறைய மக்ரோனி சாப்பிட்டுவிட்டுப் போவாராம். கப்பல்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்று அந்த இலையை முகர்ந்து பார்ப்பார்களாம். ஒருவன் ஒரு தடவை அழுதேவிட்டானாம்.

ஆடாவது, கீடாவது! எல்லாம் எங்கள் அத்தான்.

வரும் வழியெல்லாம் எனக்குக் கடல் பயமே மறந்துபோனது. அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த இலை. அதைக் கப்பலுக்குக் கொண்டு போனார் என்று தெரிந்தால் என்ன ஆவாள்? இருக்கிற துக்கத்தோடு கோபமும் சேருமா? அம்மன் குற்றம் என்று நினைத்துவிட்டால்? அதனால்தான் காய்ச்சல் வந்தது என்று நினைத்துவிட்டால்…? என் மண்டைக்குள் ஓடாத ஓட்டம் இல்லை.

சொல்லவில்லை.

பதினாறாம் நாள் விடியற்காலையில் பெண்கள் செய்கிற சடங்குகள் முடிந்துவிட்டன. அக்காவின் நெற்றியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கொல்லைப் பக்கமாக நழுவிப் போய், கொழுந்து கொழுந்தாகப் பறித்துத் தூக்கில் திணித்தேன். வேலியைத் தாண்டும்போதுதான் பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"முனியாண்டியண்ணே! இன்னைக்குக் கருமாதி நாளாச்சேன்னுகூட இல்லாம உங்க ஆடு வந்துருச்சு பாருங்க!"

"அது இன்னும் எந்திரிக்கவே இல்லைம்மா!" என்று முனியாண்டி கொட்டகையில் இருந்து கத்தினார்.

நான் ஓடினேன்.

கப்பலின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. கிளம்பிவிட்டதோ, கிளம்பிவிட்டதோ என்று சம்பான்காரரை நான் படுத்திய பாட்டில் அவர் துடுப்பை என்னிடமே நீட்டினார். சமையல்காரன் ஏணி உச்சியிலேயே காத்திருந்தான். இலையை வாங்கி இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டான். அந்தச் சின்னச் சட்டியில் சமைத்தான். தூக்கு நிறைந்ததும் மூடியை அழுத்திச் சாத்தி, அதன் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தான். காசு கொடுக்கப் போனேன். என் கையை மடக்கிவிட்டான்.

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. தலைவாழை இலை, குத்துவிளக்கு, வடை, குழம்பு, சுருட்டு. நாற்காலியில் அத்தானின் கறுப்புக் கோட்டு. அதன் மேல் தலைப்பாகை. மரைக்காயரும் வந்து வாசலோரம் நின்றிருந்தார்.

தூக்கை நான் திறக்கவில்லை. அக்கா வாங்கினாள். மூக்கை மூடிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. மூடியைத் திறந்தாள்.

அப்படியே நின்றாள்.

குழல் குழலாக, சிவப்பாக, மேலே உருகிய சீஸ். அதற்கு நடுவே பச்சையாக அங்கங்கே இலை. ஒன்றை விரலால் எடுத்தாள். சாறைத் துடைத்தாள். முகர்ந்தாள்.

"தம்பி… இது என் செடி."

தலையை ஆட்டினேன்.

"எத்தனை நாளா?"

"கப்பல் வர்றப்ப எல்லாம், அக்கா."

அக்கா மெல்லத் திரும்பி முனியாண்டியைப் பார்த்தாள். முனியாண்டியின் வாய் திறந்திருந்தது.

"அப்ப என் ஆடு…" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மக்ரோனியை இலையில் பரிமாறினாள். அத்தானுக்கு எப்போதும் பரிமாறுவதுபோல, கொஞ்சம் வைத்து, நிறுத்தி, இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

சாம்பிராணி காட்டி, நீர் விளாவி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். போனவர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் அல்லவா? அப்படி வெளியே நிற்பதும் வழக்கம்தான். அக்கா மட்டும் சாத்திய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு உள்ளே பேசினாள்.

"இதுக்கா அந்த வாயில்லாத ஜீவனை என்னைத் திட்ட விட்டீங்க? கூடச் சேர்ந்து நீங்களும் திட்டினீங்களே… ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருந்தா நான் தந்திருக்க மாட்டேனா?"

கதவில் இருந்து நெற்றியை எடுத்தாள்.

"தந்திருக்க மாட்டேன்," என்றாள்.

அப்போதுதான் அழுதாள். அத்தான் போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கதவைத் திறந்த பிறகு, படைத்ததை எல்லோருக்கும் பங்கு வைத்தார்கள். படையல் சோற்றை வீட்டுக்காரி வேண்டாம் என்று சொல்ல முடியாது. பெரியம்மா பயந்து பயந்து ஒரு குழலை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயில் போட்டாள். மெல்ல மென்றாள். நாற்காலியில் இருந்த கோட்டைப் பார்த்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றாள்.

கோட்டு என்ன பதில் சொல்லும்?

மரைக்காயர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கடல் இருக்கும் திசையைப் பார்த்தார். "இந்நேரம் கப்பல் கிளம்பியிருக்கும்," என்றார்.

இந்த ஊரில் நல்ல இத்தாலிச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று இனி யாராவது என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? சிராங்கூன் ரோட்டில், ஒரு சந்துக்குள், ஒரே ஒரு நாள் கிடைத்தது. அதைச் சாப்பிட வேண்டியவர் வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று… உங்கள் வீட்டில் யாராவது "ஒரு வாய் சாப்பிட்டுப் பாரேன்" என்று கையை நீட்டினால், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் திட்டிக்கொள்ளலாம். திட்டுவதற்காவது ஆள் எதிரே இருக்கும்.

மறுநாள் சாயங்காலம் போனபோது அக்கா கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கொத்துத் திருநீற்றுப்பச்சை. வேலிக்கு அந்தப் பக்கம் முனியாண்டியின் ஆடு.

"இந்தா, தின்னு. உன்னை என்னென்னமோ பேசிட்டேன்," என்று நீட்டினாள்.

ஆடு வந்தது. முகர்ந்து பார்த்தது. தும்மிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது — அதற்கு அந்த வாசனையே பிடிக்காதாம்.